நடு ஸ்பீக்கர் காணாமல் போன முப்பது வருடங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுடைய பையனே இப்போது கல்லூரிக்குப் போகிறான்! புது வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறானாம். கடைக்காரர் ஏ.வி. ரிசீவர் என்று ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறார். பின்பக்கம் திருப்பினால் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். விலையோ லட்சக்கணக்கில். "டீச்சர், இத்தனை ஓட்டை எதுக்குன்னே தெரியல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அப்பாவுக்கு எண்பது ஆகப்போகுது. படத்துல பாட்டு கேக்குது, சண்டை கேக்குது, பேசறது மட்டும் புரியலைங்கறார். சத்தத்தைக் கூட்டினா அடுத்த சண்டையில வீடே அதிருது. பாதியிலேயே எழுந்து ரூமுக்குப் போயிடறார்" என்றான்.

அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சரி, இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பெரியவருக்கு ஏன் பேச்சு புரியவில்லை என்பதற்கான பதில் சரித்திரத்திலேயே இருப்பது தெரிந்தது.

முதலில் பெட்டி என்னவென்று பார்த்துவிடுவோம். ரிசீவர் என்றால் வாங்கிக்கொள்வது. ஆரம்பத்தில் அது ரேடியோதான். ரேடியோ அலையைப் பிடிக்கும் பகுதியும், ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அமெரிக்காவில் ஹார்மன் கார்டன் கம்பெனி 1954-ல் ஃபெஸ்டிவல் என்ற பெயரில் அப்படி ஒன்றை விற்றது. இன்றைய ரிசீவரோ நம் ஊர் தபால் ஆபீஸ் மாதிரி. டிஸ்க், டிவி, செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் என்று எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைப் பிரித்து, படத்தை டிவிக்கும் ஒலியை அந்தந்த ஸ்பீக்கருக்கும் அனுப்புவது அதன் வேலை.

உச்சாணிக் கொம்பில் இருக்கும் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானிய டெனான் கம்பெனி 2023-ல் கொண்டுவந்த ஏவிசி-ஏ1எச். உள்ளே 15 ஆம்ப்ளிஃபயர்கள். அடிவயிற்றில் அதிரும் ஓசைக்கென்று இருக்கும் சப்-வூஃபரை நான்கு வரை தனித்தனியாக இணைக்கலாம். எடை 32 கிலோ, ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனம். இந்தப் பதினைந்துக்கும் பதினைந்து பிறந்த கதை உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். டிவிக்கு நேர் கீழே, நட்ட நடுவில் வைக்கும் ஸ்பீக்கர். படத்தில் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. ஆலன் ப்ளம்லைன் என்று ஓர் இன்ஜினியர், 1903-ல் பிறந்தவர், ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை. 1931-ல், பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போயிருக்கிறார். பேசும் படம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நடிகர் திரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார், குரல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதற்கு ஒரு வழி என்னிடம் இருக்கிறது என்று அப்போதே அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். அந்த வருடம் டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதில் 70 உரிமைக் கோரிக்கைகள். நாம் இன்று ஸ்டீரியோ என்று சொல்லும் இரட்டை ஒலியின் அடிப்படை எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு காது, அதனால் இரண்டு ஒலிப்பாதை என்பது அவருடைய கணக்கு. பாவம், மனுஷர் 1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்துபோனார். முப்பத்தெட்டு வயதுதான்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம் வேறு மாதிரி யோசித்தது. ஹார்வி ஃப்ளெட்சர் என்ற இயற்பியலாளர் தலைமையில் 1933 ஏப்ரல் 27 அன்று ஒரு சோதனை செய்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசிக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வாஷிங்டனில் ஓர் அரங்கத்தில் மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் ஒரு வாத்தியமும் இல்லை, ஸ்பீக்கர்கள் மட்டும். டெலிபோன் கம்பி வழியாக இசை வந்தது. எத்தனை பாதையில்? இடது, நடு, வலது என்று மூன்று.

ஏன் இரண்டு போதவில்லை? இதை ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள், மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே குரல் சமமாக வந்தால், சரியாக நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். அது மாயை, அங்கே ஒன்றும் கிடையாது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் போதும், குரல் இடது ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். வீட்டில் சோபாவின் நடு இடம் ஒருவருக்குத்தானே? அரங்கத்திலும் அப்படித்தான், நடு வரிசை ஒன்றுதான். ஓரத்தில் இருப்பவருக்கும் குரல் நடுவிலிருந்தே வரவேண்டுமென்றால், நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருக்க வேண்டும். பெல் ஆட்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னது இதுதான்.

அந்த வாஷிங்டன் நிகழ்ச்சியில் ஒலியைக் கூட்டிக் குறைத்தவர் லியோபால்ட் ஸ்டோகோவ்ஸ்கி, பெரிய இசை நடத்துநர். அவர்தான் பிறகு வால்ட் டிஸ்னியோடு சேர்ந்து ஃபேன்டேசியா படத்தில் வேலை செய்தார். 1940 நவம்பரில் நியூயார்க்கில் அது வெளியானபோது திரைக்குப் பின்னால் இடது, நடு, வலது மூன்றும் இருந்தன, அரங்கத்தைச் சுற்றியும் ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒலிக்கென்றே தனி ஃபிலிம் சுருள் ஓடியது. ஃபேன்டசவுண்ட் என்று பெயர். கருவிக்கு ஆன செலவு தாங்க முடியாமல், கொஞ்ச ஊர்களோடு அது முடிந்துபோயிற்று. பிறகு போரும் வந்துவிட்டது.

1950-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. தியேட்டர் காலியாகத் தொடங்கியது. வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தியேட்டரில் காட்டினால்தான் ஜனங்கள் வருவார்கள் என்ற நிலை. திரை அகலமானது, ஒலியும் அகலமானது. 1952-ல் சினிராமா ஏழு ஒலிப்பாதைகளோடு வந்தது. 1953-ல் தி ரோப் படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது, அதில் முன்னால் மூன்று, சுற்றிலும் ஒன்று. அந்தச் சுற்று ஒலிப்பாதையில் ஒரு வேடிக்கை. எதுவும் ஒலிக்காத நேரத்தில் ஸ்ஸ்... என்று இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஸ்பீக்கரைத் திறந்துவிட, காதுக்குச் சட்டென்று பிடிபடாத ஒரு மெல்லிய கீச்சொலியை ஒலிப்பாதையிலேயே பதித்து வைத்தார்கள். வகுப்பில் பேசுகிற பையனை வெளியே நிறுத்தி, கூப்பிடும்போது மட்டும் உள்ளே விடுவது மாதிரி.

ஆக, தியேட்டரில் நடு ஸ்பீக்கர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோதுதான் அது காணாமல் போனது. காரணம் ரொம்பச் சாதாரணம். 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்தானே உண்டு? ஒரு சுவரில் இடது, ஒரு சுவரில் வலது. ஊசி இரண்டையும் சேர்த்து உரசிக்கொண்டு போகும். ப்ளம்லைன் 1931-லேயே எழுதி வைத்திருந்த வழிகளில் இதுவும் ஒன்று. மூன்றாவது சுவர் இல்லாததால் மூன்றாவது பாதையும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் என்பது வேதவாக்கு ஆகிவிட்டது. 1961-ல் அமெரிக்க எஃப்.எம். ரேடியோவும் ஸ்டீரியோ ஆனது, ரிசீவரும் இரண்டுக்கானதாக ஆனது. ஒரு பள்ளத்தின் வடிவம் முப்பது வருடத்துக்கு வீட்டு ஒலியைத் தீர்மானித்துவிட்டது பாருங்கள்.

1970-களின் தொடக்கத்தில் கம்பெனிகளுக்கு ஆசை வந்து நான்கு ஸ்பீக்கர் விற்றார்கள். க்வாட்ரஃபோனிக் என்று பெயர். அப்போதாவது நடுவில் ஒன்று வைத்தார்களா? இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கு மூலைக்கு நான்கு. அதுவும் சி.பி.எஸ். ஒரு முறை, சான்சூயி ஒரு முறை, ஜே.வி.சி. ஒரு முறை. ஒன்றின் தட்டு இன்னொன்றின் கருவியில் சரியாகப் பாடாது. ஜனங்கள் வெறுத்துப் போனார்கள். சில வருடத்தில் கடை கட்டிவிட்டார்கள். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து ஒரு நல்ல தந்திரம் மிஞ்சியது. நான்கு ஒலியை இரண்டு பாதைக்குள் மடித்து வைத்து, பிறகு பிரித்தெடுப்பது.

இங்கேதான் ரே டால்பி வருகிறார். இவருக்கு நம் நாட்டோடு ஒரு சம்பந்தம் உண்டு. அமெரிக்கரான இவர் 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் சபையின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் இருந்தார். சண்டிகரில் அறிவியல் கருவிகள் நிறுவனத்தை அமைக்க உதவினார். ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைக்கும் யோசனை அவருக்கு இங்கே இருந்தபோதுதான் வந்தது. 1965-ல் லண்டனில் தன் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். நம் காலத்து டேப்ரிக்கார்டரில் இரண்டு டி எழுத்து எதிரெதிராக நிற்குமே, அந்த டால்பி இவர்தான்.

பிறகு அவர் கம்பெனி சினிமாவுக்கு வந்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கு இருக்கும் இடம் ஒரு நூல் அகலம்தான். அதில் இரண்டு பாதைதான் பதிக்கலாம். வேண்டியதோ நான்கு: இடது, நடு, வலது, சுற்று. என்ன செய்தார்கள்? நான்காம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான். நடுவில் கேட்க வேண்டிய பேச்சை இரண்டு பாதையிலும் ஒரே மாதிரி போட்டார்கள். சுற்றிலும் கேட்க வேண்டியதை ஒரு பாதையில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் போட்டார்கள். தியேட்டரில் இரண்டையும் கூட்டினால் தலைகீழானவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பேச்சு ஓங்கி நிற்கும். கழித்தால் பேச்சு அழிந்து சுற்று ஒலி நிற்கும். உண்மையில் இதைவிடச் சிக்கலான சுற்று வேலை உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். 1977-ல் ஸ்டார் வார்ஸ் படம் இந்த முறையைத் தியேட்டர் தியேட்டராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. வீடியோ கேசட் வந்தபோது, படத்தின் இரண்டு பாதையையும் அப்படியே கேசட்டில் பதித்தார்கள். அந்த இரண்டுக்குள் நான்கும் மடிந்தே இருந்தன. வாங்கியவர்களுக்குத் தெரியாது! வீட்டு அலமாரியில் இருந்த கேசட்டுக்குள் தியேட்டர் ஒலி தூங்கிக்கொண்டிருந்தது. 1982-ல் டால்பி சரவுண்ட் என்று வீட்டுக்கான கருவி வந்தது. அது கழித்தலை மட்டும் செய்து பின் ஸ்பீக்கருக்குக் கொடுத்தது. நடு? அப்போதும் இல்லை. 1987-ல் டால்பி ப்ரோ லாஜிக் வந்தபோதுதான், அந்த நொடியில் எந்தத் திசையின் ஒலி ஓங்கி இருக்கிறது என்று கவனித்து, பேச்சை நடு ஸ்பீக்கருக்கு ஒதுக்கிக் கொடுக்கும் வேலை வீட்டுக்கு வந்தது. 1958-லிருந்து 1987. கிட்டத்தட்ட முப்பது வருடம். பெல் ஆய்வுக்கூடம் 1933-ல் சொன்னது வீட்டு நடுக்கூடத்துக்கு வந்துசேர அவ்வளவு காலம் ஆயிற்று.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 5.1 என்கிறோமே, அந்தப் புள்ளி ஒன்று என்பது ஆழ்ந்த ஓசைக்கான தனிப் பாதை. முழு ஒலிவரிசையில் ஒரு சிறு துண்டை மட்டும் சுமப்பதால் அதை முழு எண்ணாக எண்ணாமல் புள்ளி போட்டார்கள். டாம்லின்சன் ஹோல்மன் என்பவர் 1987-ல் அப்படிச் சொல்லப் போய் அதுவே பெயராக நிலைத்தது. ஆழ்ந்த ஓசைக்கு முன்னோடி 1974-ல் வந்த எர்த்குவேக் படம். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழாமல் இருக்க வலை கட்டினார்களாம்! பின்னால் இடது வலது தனித்தனியாகப் பிரிந்ததற்கு 1979-ன் அபோகலிப்ஸ் நவ் ஒரு மைல்கல். ஹெலிகாப்டர் தலையைச் சுற்றிப் பறக்க வேண்டியிருந்தது.

1992 ஜூனில் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தில் டால்பி டிஜிட்டல். படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு நடுவில் இருக்கும் குட்டி இடத்தில் புள்ளி புள்ளியாக ஒலியை அச்சடித்தார்கள். அடுத்த வருடம் ஜுராசிக் பார்க்கில் டி.டி.எஸ்., ஒலி தனியாக சி.டி.யில் ஓடியது. டிவிடி வந்ததும் இவை பரவலாக வீட்டுக்கு வந்தன. மடித்து வைக்கும் வேலை இனி இல்லை, நடுவுக்கென்று தனிப் பாதையே கிடைத்தது.

அப்படியானால் பேச்சு இன்னும் நன்றாகத்தானே கேட்க வேண்டும்? இங்கேதான் அந்தப் பெரியவரின் பிரச்சினைக்கு வருகிறோம்.

ரிசீவரில் ஒலி அளவு பல நேரம் மைனஸ் 30, மைனஸ் 25 என்று காட்டும். என்ன மைனஸ் என்று பலர் கேட்கிறார்கள். பூஜ்ஜியம் என்பது படத்தின் ஒலியைக் கலந்த அரங்கத்தில் இருந்த அளவு. அந்த அளவில் ஒரு ஸ்பீக்கர் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும், ஆழ்ந்த ஓசை 115 வரை. மேளச் செட்டுக்குப் பக்கத்தில் நிற்பது போலத்தான். டிஜிட்டல் வந்ததும் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே இவ்வளவு பெரிய தூரம் சாத்தியமாயிற்று. டைரக்டர்கள் அதை ஆசை தீரப் பயன்படுத்தினார்கள். தியேட்டரில் அது சரி. வீட்டில் குண்டு வெடிப்பைத் தாங்கும்படி குறைத்து வைத்தால், கிசுகிசுப் பேச்சு ஃபேன் சத்தத்துக்குள் முங்கிப் போகிறது. இது காதின் குறை மட்டும் அல்ல. வயதானால் மெல்லிய ஒலியும் மெய்யெழுத்தின் கூர்மையும் முதலில் குறைவதால் பெரியவர்களுக்கு இரட்டைச் சிரமம்.

அதோடு, டிவியில் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர். பல டிவியில் அதுவும் கீழே பார்த்தபடி. நடுவில் வரவேண்டிய பேச்சை இரண்டாகப் பிட்டு, பாட்டோடும் இரைச்சலோடும் கலந்து கொடுக்கிறது. மறுபடியும் 1958-தான்!

இதைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. டால்பி டிஜிட்டல் ஒலியோடு கூடவே, இந்தப் படத்தில் பேச்சின் அளவு இவ்வளவு என்று ஓர் எண்ணும், இரவில் எங்கே அமுக்க வேண்டும் எங்கே தூக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வருகின்றன. ரிசீவரில் நைட் மோட் என்றோ டைனமிக் ரேஞ்ச் என்றோ மெனுவில் இருப்பது அந்தக் குறிப்பைப் படிக்கத்தான். கடைக்காரர் யாரும் இதைக் காட்டுவதாகத் தெரியவில்லை. அவர்கள் காட்டுவது வாட் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொன்ன டெனானில் 150 வாட் என்றால், இரண்டு ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது அளந்த அளவு. பதினைந்தையும் பெருக்கிக் கூட்டாதீர்கள். வாட்டை ஊதிச் சொல்வது புது வியாதி இல்லை, அமெரிக்காவில் 1974-லேயே அதற்கு ஒரு விதி போட வேண்டியிருந்தது.

பிறகு 2012-ல் பிரேவ் படத்தோடு டால்பி அட்மாஸ் வந்தது. தலைக்கு மேலும் ஸ்பீக்கர். அதே வருடக் கடைசியில் நம் சிவாஜி படம் 3டி-யில் அட்மாஸ் ஒலியோடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2014-ல் அது வீட்டு ரிசீவருக்கும் வந்தது. அதுவரை ஒலி ஒரு ஸ்பீக்கருக்கு எழுதப்பட்டது. இதில் இந்த மழைத்துளி அறையில் இந்த இடத்தில் என்று முகவரி எழுதி அனுப்புகிறார்கள். எந்த ஸ்பீக்கர் வழியாகக் கொண்டுசேர்ப்பது என்பது தபால்காரரான ரிசீவரின் வேலை. 15 ஆம்ப்ளிஃபயர் அதற்காகத்தான். ஆனால் இத்தனை வசதி வந்தும், பேச்சை இன்றைக்கும் பெரும்பாலும் நடுவுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

அதனால் என் கணக்கு இது. பதினைந்து வேண்டாம். நல்ல நடு ஸ்பீக்கர் ஒன்று, இடது, வலது, கையில் காசு மிச்சம் இருந்தால் பின்னால் இரண்டு. இதற்கு நடுத்தர விலை ரிசீவரே தாராளம். நடு ஸ்பீக்கரை அலமாரிக்கு உள்ளே தள்ளி வைக்காமல் முன்விளிம்புக்கு இழுத்து, காது உயரத்தைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள். மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் தனியாகக் கூட்டலாம். நடுவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டுங்கள். மொத்த சத்தத்தைக் கூட்ட வேண்டாம். நைட் மோடைப் போட்டுப் பாருங்கள்.

விலை கொடுத்து வாங்கத் தகுந்த வசதி என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று, அறையை அளக்கும் மைக். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமென்ட், ஜன்னல் கண்ணாடி. பேசிய பேச்சு எதிரொலித்து அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும். ரிசீவரோடு வரும் சின்ன மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் டூப் டூப் என்று ஒலி எழுப்பும். அது வந்துசேரும் நேரத்தையும் அளவையும் பார்த்து ரிசீவர் தானே திருத்திக்கொள்ளும். இந்த வேலைக்கென்று 2002-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆடிஸி என்ற கம்பெனியின் நிறுவனர்களில் அதே டாம்லின்சன் ஹோல்மனும் ஒருவர். எதிரொலியை அது முழுதாகப் போக்காது. தரையில் ஒரு கம்பளமும் ஜன்னலுக்குக் கனமான திரையும் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

அளக்கும்போது மைக்கை வீட்டுப் பெரியவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்தில் முதலில் வையுங்கள். சோபாவின் நடு இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஃபேனை நிறுத்திவிடுங்கள்.